நூற்று எண்பது வெள்ளி

கோலாலம்பூரிலிருந்து பதாகை மூன்றே நாளில் வந்துவிட்டது.
நான்கு மொழிகளில் ‘நாம் அனைவரும் ஒரே குடும்பம்’.
தமிழ் வரியில் மட்டும்
கொம்பும் காலும் தத்தம் எழுத்தை விட்டுத்
தள்ளித் தள்ளி நின்றன.
யாரிடம் சொல்ல.
லாபிஸ் செம்பனை ஆலையின் எடைமேடைக்குப் பக்கத்தில்
அதைக் கட்டினோம்.
புடவை, பாஜு கூரோங், சியோங்சாம்,
ஒரு நேப்பாளத் தொப்பி என்று
வரிசையாய் நின்று படமும் எடுத்தோம்.
நடுவில் கோகிலவாணி.
சிரிக்கச் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை;
நாங்கள் சிரித்ததைப் பார்த்துச் சிரித்தாள்.

பெயரில் குயில்,
பிறவியிலேயே காது கேளாது.
ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் அமிலம் அளப்பவள்.
புள்ளி இரண்டு பிசகினாலும்
டேங்கரை நிறுத்திவிடுவாள்.

கொதிகலனில் அழுத்தம் ஏறினால் சங்கு ஊதும்,
எல்லாரும் மைதானத்துக்கு ஓட வேண்டும்.
ஆறு வருடமாக அவளுக்கு அந்தச் சங்கு
நான்தான்.
சம்பளக் கணக்கை அப்படியே போட்டுவிட்டு
ஓடிப்போய்த் தோளைத் தொடுவேன்.
அதில் எனக்கொரு பெருமை இருந்தது, மறைப்பானேன்.
தீபாவளி விருந்தில் மேனேஜர்
மைக்கில் என் பெயர் சொல்லிப் பாராட்டியதும் உண்டு.

பிறகு ஒரு புதன்கிழமை.
மகனுக்குக் காய்ச்சல், நான் விடுப்பு.
சங்கு ஊதியிருக்கிறது.
மைதானத்தில் தலை எண்ணியிருக்கிறார்கள்.
ஒன்று குறைகிறதே என்று
பதினோரு நிமிடம் கழித்து
ரஃபிக்குல்தான் கேட்டிருக்கிறான்.
நீராவி மண்டிய வழியில் அவன் உள்ளே போனபோது
அவள் குடுவையை வெளிச்சத்தில் பிடித்தபடி
நிறம் மாற்றும் கடைசிச் சொட்டுக்காகக்
காத்துக்கொண்டிருந்தாளாம்.

ஒன்றும் ஆகவில்லை.
ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அறிக்கையிலும் எழுதினார்கள்.

மறுநாள் என் மேசைக்கு வந்து
ஒரு துண்டுத்தாளை வைத்தாள்.
‘பதினான்கு மாதத்துக்கு முன் கொடுத்த என் மனு எங்கே?’

ஆய்வுக்கூடக் கதவுக்கு மேல் ஒரு மஞ்சள் சுழல்விளக்கு.
நூற்று எண்பது வெள்ளி.
என் இழுப்பறையில்தான் இருந்தது.
நான் இருக்கிறேனே, எதற்கு இது என்று
மேலே அனுப்பவே இல்லை.

அன்பு என்று நான் நினைத்திருந்ததற்கு
வருடத்தில் பதினெட்டு நாள் விடுப்பு,
மருத்துவ விடுப்பு தனி.

புதிதாய் வந்த பொறியாளர் நோர்ஹஸ்லிண்டா
விழா எதுவும் எடுக்கவில்லை.
ஆளுக்கொரு வெற்றுத்தாள் கொடுத்தார்.
இங்கே உனக்கு எட்டாதது எது?
உன் மொழியில் எழுது, பெயர் வேண்டாம்.
கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லை என்று
கட்டக் கட்டமாய் ஒரு கையெழுத்து.
இரவு ஷிப்டுக்குப் பஸ் ஏன் தோட்ட முனையில் நிற்பதில்லை என்று ஒன்று.
ஒரு தாளில் வெறும் வங்காள எழுத்து;
படித்துச் சொல்ல ஆள் தேடி
ரஃபிக்குலையே கூப்பிட வேண்டியிருந்தது.
அவன் காது சிவந்தது. அவன் எழுதியதுதான்.

செலவை நலநிதியில் எழுதப் போனேன்.
கூடாது, பராமரிப்பில் எழுது என்றார்,
போல்ட்டு, நட்டு, கிரீஸுக்குப் பக்கத்தில்.
அங்கே எழுதினால் அடுத்த வருடம்
யாரும் கையேந்த வேண்டாம்.

இப்போது ஒன்பது விளக்குகள் சுழல்கின்றன.
காதடைப்பான் போட்ட கொதிகலன் ஆட்களும்
அதைப் பார்த்துத்தான் ஓடுகிறார்கள்.

கோகிலவாணி கூடத் தலைமைக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.
தகுதிப் பட்டியலில் ஏழாவது வரி:
‘தொலைபேசியில் சரளமாகப் பேச வேண்டும்.’
தட்டச்சு செய்தவள் நான்.
யாரும் சொல்லி அல்ல, எப்போதும் இருப்பதுதானே என்று.
அடித்துவிடப் பேனா எடுத்தேன்.
மூடிவைத்தேன்.
தாளோடு அவளிடம் நடந்து,
தோளைத் தொடாமல்
கண்ணில் படும் இடத்தில் நின்றேன்.

ஏழாவது வரிக்குக் காத்திருந்தேன்.
அவள் விரல்
மூன்றாவதிலேயே நின்றுவிட்டது.